சொம்பில் வந்த தண்ணீர்

அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் பார்ப்பது என் வேலை. சின்னக் கண்ணாடி வட்டில் ஒரு சொட்டை உலர்த்தி, அதன் மேல் எக்ஸ்ரே பாய்ச்சுவோம். தண்ணீரில் துளியூண்டு கலந்திருக்கும் உலோகமும் தன் கதிரைத் திருப்பி அனுப்பும்; திரையில் அதற்கென்று உள்ள இடத்தில் ஒரு முகடு எழும். காரீயம் எங்கே எழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அபிராமபுரத்தில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு அப்போது நான்கு வயது. ஓயாத வயிற்றுவலி, சோகை. வந்த பேச்சும் குறைந்துகொண்டே போனது. ரத்தத்தில் காரீயம் இருக்கிறது என்றார் டாக்டர். தண்ணீரில்தான் வருகிறது என்று முடிவு கட்டியவள் நான்.

அமிலத்தில் கழுவிய பாட்டில்களைத் தங்கையிடம் நானே கொடுத்தேன். "குழாய்லேர்ந்து நேரா பிடி. ஆத்துப் பாத்திரம் எதுவும் படக் கூடாது" என்று மிரட்டினேன். பாத்திரம் பட்டால் முடிவு கெட்டுவிடும். எங்கள் தொழிலின் முதல் பாடம் அது. மூன்று மாதத்தில் மூன்று தடவை கொண்டுவந்தாள். சமையலறைக் குழாய், போர்வெல், கேன் தண்ணீர். எதிலும் காரீயம் இல்லை. நானா விடுவேன்? "எங்கேயோ ஒளிஞ்சிண்டிருக்கு, இன்னொரு தடவை கொண்டு வா" என்றேன்.

நான்காவது தடவை ஈயச் சொம்பில் முதல் நாளே பிடித்துவைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல எதுக்குடி கொண்டு வந்தே? அறிவிருக்கா?"

"கத்தாதேக்கா. பாட்டில் தீர்ந்துடுத்து. அவன் வயத்தப் பிடிச்சுண்டு அழறான், எனக்கு ஒண்ணும் ஓடலே."

அவள் முகத்துக்காக ஒப்புக்கு ஒரு சொட்டு வைத்தேன். காரீயத்தின் இடத்தில் முகடு எழுந்தது. புது வட்டில் மறுபடி வைத்தேன். அதே இடம்.

அந்தச் சொம்பில்தான் தினமும் ரசம் வைப்பாள். வெள்ளீயம் என்று சொல்லி, காரீயம் கலந்து விற்றது. புளியும் தக்காளியும் கொதிக்கக் கொதிக்க எவ்வளவு கரைந்திருக்கும்! உடம்பு முடியாத நாட்களில் குழந்தைக்கு ரசம் சாதம் தவிர எதுவும் இறங்காது. அதனால் இன்னும் இரண்டு கரண்டி கூடவே ஊற்றுவாள். "இந்த வாசனை எவர்சில்வர்ல வருமா" என்று பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிலாகித்திருக்கிறேன்.

"தண்ணில இருக்கா?" என்றாள்.

"இல்லே. சொம்புல."

அவள் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்காக மயிலாப்பூரில் நாலு கடை ஏறி இறங்கி நான் வாங்கிக்கொடுத்த சொம்பு அது. அதை அவள் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ இந்த மூணு மாசமா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

இப்போது அவனுக்கு ஆறு வயது. வயிற்றுவலியும் சோகையும் போய்விட்டன. முன்பெல்லாம் என் செருப்புச் சத்தம் கேட்டதும் "பெரியம்மா" என்று ஓடிவருவான். இப்போதும் ஓடிவருகிறான். கூப்பிடுவதில்லை.