திமிர் பிடித்த கைகள்

செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கிற பெண்ணுக்கு முதுகில் மருந்துத் தோம்பு இருக்கவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும். தோம்பு சுமந்த அக்கா தங்கச்சிகளே, வாயைத் திறந்தால் என்ன பெயர் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? எண்பதுகளில், ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் எனக்கு அது நன்றாகவே கிடைத்தது.

கேட்டது தப்பு

மருந்து பட்டுப் பட்டு என் விரல் நகங்கள் கழன்றுகொண்டிருந்தன. ஒரு நாள் காலைப் பெரட்டில், எங்களை வேலை வாங்குகிற மண்டோர் எல்லோர் பேரையும் கூப்பிட்டு முடித்ததும், "மண்டோரய்யா, கைக்கு உறை வேணும்" என்றேன். ஆண்கள் சிரித்தார்கள். எந்தப் பெண்ணும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருந்தடிக்கிறவளுக்குக் கையுறை கேக்குதா? உனக்குத் திமிர்லா!"

டிஸ்பென்சரியில்

அந்த மாதமே வலது கை மரத்துப் போனது. டம்ளரைப் பிடித்தால் நழுவியது. எங்கள் பேச்சில் அதற்கும் திமிர் என்றுதான் பெயர். "ஐயா, கை திமிர் பிடிச்சிருக்கு" என்று, கட்டுப் போட்டு மருந்து தருகிற தோட்டத்து டிரஸரிடம் காட்டினேன். அவர் மண்டோரோடு தினமும் தேநீர் குடிக்கிறவர். கையைத் தொட்டும் பார்க்காமல் ஒரு தைலத்தை நீட்டினார். அவர் கேட்ட கேள்விக்காகவே தைலத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கேட்டது இதுதான்: "கைக்கு மட்டுமாம்மா?"

காளியம்மா

அன்று சாயங்காலமே லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். மறுநாள் பெரட்டில் மருந்தடிக்கிற பன்னிரண்டு பெண்களும் தோம்பைத் தரையில் வைத்தோம். மண்டோர் ஓடிப்போய்த் துரையைக் கூட்டிவந்தார். துரை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, இதை ஆரம்பித்தவள் பேரைச் சொல்லு என்றார். பேர் ஏறினால் வேலை போகும், லயத்து வீடும் போகும்.

நான் வாயைத் திறப்பதற்குள் காளியம்மா முன்னால் போய் நின்றாள். புருஷன் இல்லை, நாலு பிள்ளைகள். மண்டோரை அதுவரை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள். சேலை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "காளியம்மான்னு எழுதுங்க தொரை. பக்கத்துலயே திமிர் புடிச்சவள்னும் எழுதிக்கோங்க."

பன்னிரண்டு பேரும் அவரவர் பேரைச் சொல்லி அதையே எழுதச் சொன்னதால் யாருக்கும் வீடு போகவில்லை, ஒரு வாரத்தில் கையுறையும் வந்தது, வந்ததெல்லாம் ஆம்பளை அளவாக இருந்ததால் தோம்பை மறுபடியும் கீழே வைத்தோம்.