கையுறை யாருக்கு

செப்டெம்பர் கடைசியில் இறுதி ஆட்டமும் தோற்று, ஆடுகளத்தில் விரித்திருந்த பாயைச் சுருட்டியபோது எங்கள் கிரிக்கெட் கழகத்தில் ஒன்பது ஆட்டக்காரர்கள்தான் மிஞ்சியிருந்தார்கள். ஒஸ்லோவின் கீழ்ப்பிரிவில் விளையாடிய தமிழ்க் கழகம் அது. அந்தக் கோடையில் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் வென்றிருந்தோம். ஆள் சேராததால் இரண்டு ஆட்டங்களுக்கு நாங்கள் போகவே இல்லை. போட்டியை நடத்துகிறவர்களிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அடுத்த கோடையில் இடம் வேண்டுமானால் பதினான்கு பேர் கையெழுத்திட்ட பட்டியல் மார்ச் முடிவதற்குள் வரவேண்டும். ஒரு பெயர் குறைந்தாலும் இடமில்லை.

கடிதம் எனக்கு வந்ததற்குக் காரணம், நான் கழகத்தின் ஒப்மன். பட்டியல் எழுதுவது, பை தூக்குவது, சாவி வாங்குவது என்று ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாம் செய்கிறவனுக்கு இங்கே அந்தப் பெயர். நான் விளையாடியதில்லை. கூட்டத்தில் வாய் திறந்ததும் குறைவு. அதனால்தான் என்னைத் தெரிவு செய்தார்கள் என்று நினைக்கிறேன். யாரோடும் எனக்குச் சண்டை இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு காலம் அது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று நோர்வே பாஸ்போட் எடுத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்களிடமிருந்து மட்டும் நான்கு பேர் போனார்கள். ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பயணத்தைப் பற்றி முதலில் கதைத்தால் அது குழம்பிப்போகும் என்று எங்கள் சனத்துக்கு ஒரு பயம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் வராது. தொலைபேசி எடுத்தால் இணைப்பு வெட்டப்பட்டிருக்கும். அப்போதுதான் தெரியும்.

கப்டன் மட்டக்களப்புக்காரர், பஸ் ஓட்டுநர். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் ஆள் பிடித்தார். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க, அவர் பரிமாறுகிறவர்களின் தோளைப் பார்ப்பார். வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் பெட்டி தூக்கிவிட்டு ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவுக்குக் குடிவந்த ஒருவரைத் தமிழ்க்கடையில் கண்டார். அவர் அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் காருக்குள் எறிந்த விதத்தைப் பார்த்துக் கப்டன் அங்கேயே கேட்டுவிட்டார்.

"கிரிக்கெட் விளையாடுவீங்களா?"

"பள்ளிக்கூடத்திலை விளையாடினனான். இருவது வருசமாச்சு."

"பந்து மாறல்ல. அதே உருண்டைதான்."

அவர் சிரித்துக்கொண்டு சம்மதித்தார். இங்கேயே பிறந்த இரண்டு பல்கலைக்கழகப் பெடியன்களும் வந்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட உள்ளரங்கான ஜிம்சாலில், டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் பயிற்சி நடக்கும். நான் ஓரத்தில் நின்று பந்து பொறுக்குவேன்.

ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு எஞ்சினியர்கள் வந்தார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள். ஒருவர் மட்டையாளர், மற்றவர் விக்கெட் காப்பாளர். காப்பாளரைப் பத்து நிமிடம் பார்த்ததும் எனக்கே விளங்கியது. மரத்தரையில் வழுக்கி வருகிற பந்து அவர் கையில் சத்தமில்லாமல் அடங்கியது.

"அவர் ஷெம்பெபிளிங்க், அண்ணா," என்றான் பெடியன்களில் ஒருவன்.

"தமிழில சொல்லு," என்றார் கப்டன்.

"சரியான கெட்டிக்காரர்."

"அதப் பாக்க எனக்கும் கண் இரிக்கு."

பயிற்சி முடிய அந்த எஞ்சினியர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே கேட்டார். "சார், ஓப்பனா சொல்லிடுறேன். இன்னொரு டீம்ல எனக்கு கீப்பிங் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க குடுத்தா நாங்க ரெண்டு பேருமே இங்க வந்துடுறோம். நம்ம ஆளுங்களோட ஆடினா நல்லாருக்கும்."

"தம்பி, கீப்பர் இரிக்கார். வேற எதெண்டாலும் கேளுங்க."

"சும்மா பவுண்டரில நிக்கிறதுக்கு எதுக்கு சார் இவ்ளோ தூரம்?"

எங்கள் காப்பாளர் பக்கத்திலேயே நின்றார். கழகம் தொடங்கிய நாளிலிருந்து விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர் அவர். ஒரு பல் போனது அங்கேதான். "எனக்குப் பிரச்சினையில்லை. கப்டன் சொல்றபடி," என்றார். கப்டன் அவருடைய தோளில் கை போட்டார். "இவன் இரிக்கும்வரைக்கும் கையுறை இவனுக்குத்தான்." காப்பாளர் கீழே குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை என் மனைவி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டாள். "எங்களுக்குப் பெரிய பிரீசர் ஒண்டு வேணுமோ?"

"ஏன்?"

"கீப்பரின்ரை மனிசி கேட்டவா. அவை ஜூனிலை பள்ளிக்கூடம் முடிய லண்டனுக்குப் போகினம். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவா."

"பிறகேன் எனக்குச் சொல்றீர்?"

"நீங்கள் ஆரோடை கதைக்கிறனீங்கள்?"

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். நான் பட்டியலை எடுத்து எண்ணினேன். எஞ்சினியர்கள் இருவரும் வந்தால்தான் பதினான்கு. காப்பாளர் இருக்கிறார் என்று சொல்லியே கப்டன் அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்தக் காப்பாளர் ஜூனில் இருக்கமாட்டார். அவரைத் தவிர இது தெரிந்த ஆண் நான் ஒருவன்தான்.

அடுத்த ஞாயிறு எஞ்சினியர் மறுபடி வந்தார். கப்டன் மறுபடி இல்லை என்றார். பெப்ரவரி முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே. மார்ச் தொடங்கியிருந்தது. "அடுத்த ஞாயிறு காலைல அவங்க பேப்பர்ல சைன் பண்ணணும் சார். சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன்," என்றார் எஞ்சினியர். இத்தனை பொறுமையாக ஒருவர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். நான் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன்.

உடைமாற்றும் அறையில் காப்பாளர் மற்றவர்கள் போகும்வரை இருந்தார்.

"அண்ணை, வீட்டிலை ஏதும் கதைச்சவையோ?"

"ஓம்."

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை. நீங்களே கப்டனுக்குச் சொல்லலாம்," என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். "கனடாவுக்குப் போறனெண்டு முந்தி எல்லாருக்கும் சொன்னனான். விருந்து வைச்சு, மாலை போட்டு, மணிக்கூடும் தந்தனீங்கள். விசா சரிவரேல்லை. பிறகு ரண்டு வருசம் கோயிலிலை சனம் என்னைக் கண்டால் 'இன்னும் இஞ்சையோ' எண்டு கேட்டது. மனிசி கோயிலுக்குப் போறதையே விட்டவள். இந்தமுறை பிளேனிலை ஏறினாப் பிறகுதான் கதை."

அந்த மாலையைப் போட்டது நான்தான். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள்தான் இருந்தன.

சனிக்கிழமை மத்தியானம் கப்டன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினேன். தொலைபேசியில் எனக்குக் கதைக்க வராது. முன் இருக்கையில் இருந்தேன். கண்ணாடியில் என்னைக் கண்டார்.

"என்ன அண்ணன், எங்க போறிங்க?"

"பியோர்ண்டாலுக்கு."

"அங்க யாரு?"

"ஒருத்தரும் இல்லை."

அவர் பஸ்ஸை எடுத்தார். தரிப்புக்குத் தரிப்பு ஆட்கள் இறங்கினார்கள். குழந்தை வண்டியோடு ஒரு பெண், பனிச்சறுக்குக் கட்டையோடு ஒரு கிழவர். கடைசித் தரிப்பில் நாங்கள் இருவர் மட்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் திரும்பினார். திரும்பிப் புறப்பட அவருக்கு எட்டு நிமிடம் இருந்தது.

"கையுறையை அந்த எஞ்சினியருக்குக் குடுங்கோ," என்றேன்.

அவர் சிரித்தார். "இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? நீங்க எப்ப இருந்து செலக்டர்?"

"குடுங்கோ."

"ஏன்?"

ஒரு பொய் தேடினேன். காப்பாளருக்கு முழங்கால் சரியில்லை, வயதாகிவிட்டது, எதையாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை. கப்டனின் சிரிப்பு மெதுவாகப் போனது.

"லண்டனா?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். உருகிய பனி தெருவோரத்தில் கறுப்பாகக் கிடந்தது.

"எப்ப இருந்து தெரியும்?"

"ஜனவரி."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். "அந்த எஞ்சினியர்ப் பெடியனிட்ட ஒவ்வொரு ஞாயிறும் இல்ல இல்லயெண்டு சொன்னன். நீங்க பக்கத்தில நிண்டு பந்து பொறுக்கினீங்க."

பிறகு கைத்தொலைபேசியை எடுத்தார். நெடுநேரம் மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மணிக்கட்டைப் பார்த்தார். மூன்றாம் முறை குரல் கேட்டது. "தம்பி, கையெழுத்து வைச்சிட்டீங்களா? இல்லயா? வைக்காதீங்க. நாளைக்கு வாங்க. கையுறை உங்களுக்குத்தான்."

தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு இயந்திரத்தைத் தொடக்கினார். பிறகு என் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். "அடுத்த பஸ் இருவது நிமிசத்தில வரும், அண்ணன்." நான் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜிம்சாலில் எஞ்சினியர்கள் இருவரும் முதலில் கையெழுத்திட்டார்கள். காப்பாளர் வந்ததும் கப்டன் அவரை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தூரத்தில் நின்றும் கேட்டது.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. கேட்டன். பேசாம இருந்தாங்க."

கழகத்தில் பேசாமல் இருக்கிறவன் ஒருவன்தான். காப்பாளர் என்னைப் பார்த்தார். கையுறைகளைப் பையிலிருந்து எடுத்து வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, நான் நீட்டிய பட்டியலைத் தொடாமல் வெளியே போனார். ஜூன் வரையாவது விளையாடுவார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் திரும்பி வரவேயில்லை. என் மனைவியின் தொலைபேசி அழைப்பை அவருடைய மனைவி எடுப்பதில்லை. "நீங்கள் கதைக்கமாட்டியள் எண்டு நம்பித்தான் சொன்னனான்," என்றாள் என் மனைவி. நான் கதைக்கவில்லைத்தான். அதை எப்படி அவளுக்கு விளக்குவது?

காப்பாளர் இல்லாமல் பட்டியலில் பதின்மூன்று பெயர்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் கப்டன் எங்கெங்கோ தேடினார், ஆள் கிடைக்கவில்லை. தபாலில் போடவேண்டிய நாளுக்கு முதல்நாள் பட்டியலை என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க."

"ஆரை?"

"உங்களை."

"எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது."

"நிக்கத் தெரியும்தானே."

எழுதினேன். ஏப்ரலில் பதில் வந்தது. இடம் உண்டு.

மே மாதம் முதல் ஆட்டத்தன்று மூன்று பேருக்கு வேலை. என்னோடு பதினொரு பேர். நடுவர் விரலால் எண்ணித் தலையாட்டினார். குளிரில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில், மருமகனிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் காற்சட்டையோடு நின்றேன். பந்து என் பக்கம் வரக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். விக்கெட்டுக்குப் பின்னால் எஞ்சினியர் குந்தியிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய நாள் முதல் கப்டன் அவசியத்துக்கு மேல் என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை. பந்து வீச ஓடத் தொடங்கியவர் பாதியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன், ரெண்டடி பின்னால."

நான் இரண்டடி பின்னால் போனேன்.