நெஞ்சில் பேட்ச், எதிரில் காட்டெருமை

போன வாரம் ஒரு நாள் காலை, காட்டெருமைக்கு முன்னால் நின்றுகொண்டு போன் பேசினேன். மறுமுனையில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டு மாதமாக எனக்கு நெஞ்சு திடீர் திடீரென்று படபடத்தது. டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் பரம சாது — இன்ஸ்பெக்‌ஷன் நாளில் வகுப்பறை மாதிரி. சென்னையில் இருக்கும் என் மகளோ தீர்ப்பே எழுதிவிட்டாள்.

“ஹார்ட்ல ஏதாச்சும் இருந்துச்சுன்னா கோத்தகிரி வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடணும். தனியா இருந்தது போதும்மா.”

சென்னையா? பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசி. நினைத்ததுமே இன்னொரு முறை படபடத்தது.

டாக்டர் என் நெஞ்சில் ஒரு பேட்ச் ஒட்டினார். அப்பளத்தைவிட மெலிசு, தோலோடு தோலாக வளைகிறது. குளிக்கலாம், தூங்கலாம், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போடலாம். ஏழு நாளும் ஒவ்வொரு துடிப்பையும் பார்த்து, என் போன் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏதாவது கோளாறென்றால் அங்கிருந்து கூப்பிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலை பால் வாங்கிக்கொண்டு, தேயிலைத் தோட்டக் குறுக்குப் பாதையில் வந்தேன். நல்ல பனிமூட்டம். வளைவில் ஒரு பாறை. நேற்று இங்கே பாறை இல்லையே... என்று யோசிக்கும்போதே பாறை காதை ஆட்டியது.

பத்தடி தூரம். என் கால்கள் மண்ணில் நட்டதுபோல் நின்றுவிட்டன. அப்போது பார்த்து போன் அடித்தது. வீட்டு வாசலில் நின்று கத்தினாலும் கிடைக்காத சிக்னல், அங்கே முழுசாக இருந்தது! சத்தத்தை நிறுத்தினால் போதுமென்று எடுத்துவிட்டேன்.

“ஏனுங்க மேடம், ஹார்ட் ரேட் ஏறிட்டே போகுதுங்க. என்ன பண்ணிட்டிருக்கீங்க?”

“சும்மா நிக்கறேன்” என்றேன், ரகசியம் போல.

“சும்மா நின்னா இப்படி ஏறாதுங்களே. உடனே உக்காருங்க.”

“முடியாதுங்க. எதிர்ல காட்டெருமை.”

மறுமுனையில் கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம். பிறகு நர்ஸ், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, அடுத்த கேள்விக்குப் போனார்.

“பதட்டப்படாதீங்க. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? போனை அவங்ககிட்டக் குடுங்க.”

“பக்கத்துல அதுதாங்க இருக்கு.”

மேல் வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த புஷ்பம் அக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக இந்தத் தோட்டத்தில் இருப்பவர்.

“ஓடிராதீங்கம்மா! முதுகு காட்டாதீங்க. மெல்லமா பின்னால வாங்க... ஒவ்வொரு எட்டா!”

காதில் நர்ஸ், “மூச்சை நல்லா இழுத்து விடுங்க மேடம்.” மேலேயிருந்து அக்கா, “மூச்சுக்கூட சத்தமா விடாதீங்க!” நான் யார் பேச்சைக் கேட்பது? அரை மூச்சு விட்டபடி, பால் பாக்கெட்டைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு, பின்னாலேயே நடந்தேன். ஐந்து எட்டு... பத்து எட்டு... காட்டெருமை என்னை மேலும் கீழும் பார்த்தது. தும்மியது. பிறகு, இது ஒரு ஆளா என்பதுபோலத் திரும்பி, ஓடைப் பக்கம் இறங்கிப் போயிற்று.

நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போனில் நர்ஸின் குரல்.

“மேடம்... போயிருச்சுங்களா? ரேட் இறங்குதுங்க.”

ஓடி வந்த புஷ்பம் அக்கா என் கையைப் பிடித்துத் தூக்கினார். அப்புறம் மூன்று பேரும் — ஒருவர் கோவையில் இருந்தபடியே — சிரித்தோம் பாருங்கள், அதற்கும் ரேட் கொஞ்சம் ஏறியதாம்.

ஏழு நாள் முடிந்து டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டைப் புரட்டியவர் ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“வியாழக்கிழமை காலையில, ‘நோயாளி செய்துகொண்டிருந்த வேலை’ங்கற இடத்துல ‘காட்டெருமை’ன்னு போட்டிருக்கே?”

கதையைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, ரிப்போர்ட்டில் ஏறி இறங்கும் கோட்டைக் காட்டினார்.

“ஏற வேண்டிய நேரத்துல ஏறியிருக்கு. இறங்க வேண்டிய நேரத்துல அழகா இறங்கியிருக்கு. நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்குது, அவ்வளவுதான். பயப்பட ஒண்ணும் இல்லைங்க. ஒரு நாளைக்கு எத்தனை காபி?”

“ஆறு.”

“ரெண்டு.”

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதையும் காட்டெருமைக் கதையையும் சொன்னேன். “சரி, அங்கயே இரு. ஆனா குறுக்குப் பாதையில மட்டும் போகாதே” என்றாள். வைக்கும் முன், “டாக்டர் நிஜமாவே அப்படித்தான் சொன்னாரா?” என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு மாதமாக அவளுக்கும் படபடத்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

எல்லாம் சரி. அன்றைக்குப் பனிமூட்டத்தில் என்னைத் திடீரென்று பார்த்த காட்டெருமைக்கு எவ்வளவு துடித்ததோ... பாவம், அதற்கு யார் போன் பண்ணுவார்கள்?