ஆத்தாவிடம் பூக்கட்டிக் கேட்டோம்

'சாமி சொல்லிவிட்டது' என்று யாராவது ஆரம்பித்தால், சாமி என்ன சொன்னது என்று நான் கேட்பதில்லை. அப்போது பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்றுதான் கேட்பேன். இது என் பிறவிக் குணமில்லை. இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் வளர்ந்ததால் வந்த குணம்.

லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. மேலே இருக்கும் இடைவெளி வழியாகப் புகை வரும், கருவாட்டு வாசம் வரும், சண்டை வரும், ஜெபமும் வரும். எங்கள் வீட்டில் அப்பா மாரியாத்தாவுக்குச் சூடம் காட்டுகிற நேரத்தில்தான் அடுத்த வீட்டு வேதக்கார அத்தை ஜெபமாலையை எடுப்பார். இந்தப் பக்கம் குரல் ஏறினால் அந்தப் பக்கமும் ஏறும். "நல்ல பொம்பளதான், பாவம். செத்தா எங்க போயி நிக்கப் போகுதோ" என்பார் அப்பா. அதே கவலையை அத்தை எங்களைப் பற்றிப் படுவதும் சுவருக்கு மேலால் கேட்கும். உப்பு, மிளகாய் எல்லாம் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். தாங்கள் தப்பாக இருக்கலாமோ என்ற எண்ணம் மட்டும் இரண்டு வீட்டிலும் கிடையாது. அது மொத்தமும் எனக்கே வந்து சேர்ந்தது.

என் அக்காவுக்கு அந்த அத்தையின் மகனைப் பிடித்துப்போயிற்று. அவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தார். அப்பாவோ, வட்டகொடையிலிருந்த தன் அக்காவின் மகனுக்கே பெண் என்று எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். எங்களுடையது அம்மா இல்லாத வீடு. எனக்குத் தலை வாரி, சோறு போட்டு வளர்த்தவள் அக்காதான். "வட்டகொடைக்கு அனுப்புனாங்கன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று கொழுந்து பறிக்கும்போது என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முதலில் தன் சாமியைக் கேட்டவர் வேதக்கார அத்தை. மாதா படத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, அது அடிவரை அணையாமல் எரிந்தால் சம்மதம் என்று வேண்டிக்கொண்டாராம். எரிந்து முடிந்ததாம்.

"மாதா சம்மதிச்சுட்டாங்க. புள்ள ஞானஸ்நானம் எடுத்துக்கிட்டாப் போதும்" என்றார்.

"ஜன்னல் வழியாக் காத்து வரலயா அத்தை?"

"நான்தான் சாக்க வச்சு அடைச்சுட்டேனே!"

ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். காற்றைச் சாக்கால் மறித்தவருக்கு, பதில் மாதாவிடமிருந்துதான் வந்தது என்பதில் துளிச் சந்தேகமும் இல்லை.

அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். "மெழுகுவத்தி என்னத்தச் சொல்லும்? நாம ஆத்தாகிட்ட பூக்கட்டிக் கேப்போம். அவ வெள்ளையத்தான் குடுப்பா, பாத்துக்கிட்டே இருங்க" என்றார். வட்டகொடை அத்தைக்கும் மாமாவுக்கும் ஆள் போயிற்று.

எங்கள் தோட்டத்து வழக்கப்படி சிவப்புப் பூ சம்மதம், வெள்ளை மறுப்பு. இரண்டையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்துக் கட்டி, கோயிலில் ஆத்தா காலடியில் வைப்பார்கள். கன்னிப்பெண் ஒருத்தி ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காததைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும். அன்றைக்குக் கன்னிப்பெண் நான். அக்கா துரை பங்களா வேலியிலிருந்து சிவப்பு ரோஜா ஒன்றும் வெள்ளை ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவே மடித்தார். ஏதாவது செய்துவிடுவார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகு காட்டி, ஆத்தாவோடு ஆத்தாவாக நின்று மடித்தார். முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

எடுத்தேன். பிரித்தார்கள். சிவப்பு.

வட்டகொடை அத்தையின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாவே சொன்னப்பறம் நாம யாரு தம்பி?" என்றார். அப்பா வாயால் மறுத்திருந்தால் உறவே அறுந்திருக்கும்.

எல்லோரும் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தார்கள். மற்றப் பொட்டலத்தோடு நான் ஆற்றுக்குப் போனேன். மனசு கேட்கவில்லை, பிரித்துவிட்டேன். அதுவும் சிவப்பு. காம்பில் வாழைநார் சுற்றியிருந்தது. ஆத்தா கழுத்து மாலையிலிருந்து பிய்த்த பூ!

அக்காவையும் பூசாரியையும் மனசுக்குள் குற்றக் கூண்டில் ஏற்றி இறக்கினேன். மாலைக்கு எட்டும் தூரத்தில் இருவருமே நிற்கவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவின் கோட்டை அடுப்புக்கு மேலே உலர்த்தப் போனபோது பையில் கைவிட்டுப் பார்த்தேன். கசங்கிப்போன வெள்ளை ரோஜா இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. மகளுக்காகத்தான் செய்தார் என்று புரிந்தும் கோபம் வந்தது. ஊரையெல்லாம் கும்பிட வைத்துவிட்டுப் பொங்கலும் தின்றாரே! ஆனால் வாயைத் திறந்தால் அக்கா வட்டகொடைக்குப் போக வேண்டியதுதான். மூடிக்கொண்டேன்.

அக்கா ஞானஸ்நானம் எடுத்தாள். சர்ச்சில் கல்யாணம் நடந்தது. அப்பா உள்ளே வராமல் வாசலோடு நின்றுகொண்டார். வீடு திரும்பியதும், இனி யாருக்கும் கெடுதல் இல்லை என்று, கேட்டே விட்டேன்.

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பத்தானப்பா வச்சீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. "ஆமா. வெள்ளப் பூவ எடுத்துப் பையில போடுறப்ப கை நடுங்குனா திருப்பி வச்சிரணும்னு நெனச்சேன். நடுங்கல. ஆத்தா மாலையில கைய வச்சேன், பூ தானா வந்துருச்சு. இதுக்கு மேல அவ எப்பிடிச் சொல்லுவா?"

"அப்ப இது நீங்க எடுத்த முடிவுதான?"

பொய் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவர் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"நானா?" என்றார் அப்பா. "எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமே இல்ல புள்ள. அவ சொல்லிட்டா, நான் என்ன செய்ய?"