மாவுப்பை விழுந்த மதியம்

சிட்னியிலிருந்து மேற்கே வெகுதூரத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே முதலில் குடியேறிய வெள்ளைக்காரக் குடும்பங்களையும், அந்தப் பக்கம் முதன்முதல் பறந்து வந்த விமானத்தையும் நினைவுகூர ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். சிட்னிப் புறநகரான பிளாக்டவுனில் என் கணவரோடு வேலை செய்கிறவர் அந்த ஊர்க்காரர். அவர் கூப்பிட்டார், போனோம்.

ஊர்ப் பெண்கள் பழைய குடியேறிகளைப்போல நீளப் பாவாடையும் துணித் தொப்பியும் போட்டுக்கொண்டு கேக் விற்றார்கள். என் கணவர் ஓடுபாதை ஓரத்துக் கயிற்றருகே போய் நின்றார். பக்கத்தில், நீலப் பாவாடையில் ஒரு வயதான பெண்மணி.

அந்தக் காலத்தில் பாதையில்லாத பண்ணைகளுக்குத் தபால் பையை விமானத்திலிருந்து போடுவார்களாம். அதை நடித்துக் காட்ட மாவு நிரப்பிய பைகளை எறியப்போவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எனக்கு விளங்கியது. இவருக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை.

பழைய விமானம் தாழ்ந்து வந்தது. அதிலிருந்து ஏதோ விழுந்ததை இவர் கண்டார்.

"கிடவுங்கோ, குண்டு போடுறான், கிடவுங்கோ" என்று கத்தியபடி அந்தப் பெண்மணியைத் தோளில் பிடித்து நிலத்தில் தள்ளி, மேலே விழுந்து தன் உடம்பால் மூடினார். வன்னிப் போரில் விமானம் குண்டு போட்டபோது இவருடைய தங்கை நிலத்தில் கிடக்காமல் ஓடியதால் செத்தவள்.

பை வெடித்து வெள்ளையாகப் புகைந்தது. மணிக்கட்டு முறிந்த பெண்மணி அலறினார். அவருடைய மகன் ஓடி வந்து, இவருடைய தலைமயிரைப் பிடித்துத் தூக்கி வாயில் குத்தினான். விழுந்தவரை விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான். இவர் திருப்பி அடிக்கவில்லை. ரத்தம் ஒழுக ஒழுக மறுபடியும் அந்தப் பெண்மணியை மூடுவதற்குத் தவழ்ந்தார். அது அவனுக்கு இன்னும் வெறியேற்றியது. நான் உட்கார்ந்திருந்த மடிப்புக் கதிரையைத் தூக்கி அவன் மண்டையில் அடித்தேன். அவன் திரும்பினான். மறுபடியும் அடித்தேன்.

பொலிஸ் வந்தபோதுதான் எனக்கு விசா ஞாபகம் வந்தது. எங்களுடையது தற்காலிக விசா. ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் போச்சு.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாரையும் ஒரே அறையில், திரைச்சீலை மறைப்பில் போட்டார்கள். அந்தப் பெண்மணி என்னைக் கூப்பிட்டு, "அவர் என்னவென்று நினைத்தார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"குண்டு என்று."

அந்தப் பெண்மணி பிறகு பொலிஸ்காரரை அழைத்து, தனக்கு எந்த முறைப்பாடும் இல்லை என்றார். மகனையும் பார்த்து, "உனக்கும் இல்லை" என்றார். தலையில் தையல் போட்டிருந்த மகன் எங்கள் கட்டிலடிக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். இவர் "ஓகே, ஓகே" என்றார். முன்பல் இரண்டும் இல்லாததால் காற்றுத்தான் வந்தது.

காரை நான் ஓட்டினேன். "தாயை ஒருத்தன் விழுத்தினா ஆரும் அடிப்பினம்தானே. நானும் அடிச்சிருப்பன்" என்றார் இவர்.

"நீங்கள் விழுந்தாப் பிறகும் உதைச்சவன்" என்றேன்.

அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். எனக்கு அவனை மன்னிக்க இன்றுவரை மனம் வரவில்லை.