பொய்யின்னு மட்டும் சொல்ல மாட்டேன்

தெருமுனையில் தள்ளுவண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரிக்கு வாய் நீளம். சட்டையில் பொத்தான் இல்லையென்றால் சட்டைக்காரரையே நிறுத்தி நாலு கேள்வி கேட்பாள். அமைச்சரைக் கேள்வி கேட்டதென்னவோ குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்த பிறகுதான்.

தெருவில் வீட்டுக்கொருவர் வாந்தி பேதியில் கிடந்தார்கள். அவள் புருஷன் மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்தான். அந்த வார்டு டிவியிலேயே அமைச்சர், "தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, எல்லாம் வதந்தி" என்று சிரித்தார். அவள் விருட்டென்று எழுந்தாள். வீட்டுக்கு வந்து, பழுப்பாகக் கொட்டிய தண்ணீரில் ஒரு வெள்ளைத் துண்டை முக்கி, போனுக்கு முன்னால் பிடித்தாள்.

"இதுதான் உங்க பளிங்கு. ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கிறேன். குழாய்க் காசைத் தின்னுட்டுப் பேச்சைப் பாரு!"

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மறுநாளே ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் போட்டிருந்த சீருடை விறைப்பாக நின்றது. அவள் தேய்த்துக் கொடுத்ததுதான்.

"அவதூறு, பீதி கிளப்பினது, ரெண்டு கேஸ் இருக்கு" என்றார். "நான் சொன்னது பூராவும் பொய், மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வீடியோ கொடு. வீட்டுக்குப் போயிடலாம்."

கூட வந்திருந்த புருஷனின் அண்ணன் கையைப் பிசைந்தார். "சொல்லித் தொலைச்சுடும்மா. ஆனையோட மல்லுக்கட்ட நம்மால ஆகுமா?"

வீடியோ எடுக்க ஒரு போலீஸ்காரர் போனைத் தூக்கிப் பிடித்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"காசைத் தின்னுட்டாருன்னு சொன்னேன். நான் கண்ணால பாக்கல. ஆத்திரத்துல வந்த வார்த்தை, அது தப்புதான். அதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா தண்ணியில சாக்கடை வந்துச்சு. அதைக் குடிச்சுத்தான் என் வீட்டுக்காரர் படுத்துக் கிடக்கிறாரு. அதைப் பொய்யின்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"நிறுத்துய்யா அதை!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

கேஸ் போட்டார்கள். புருஷனின் அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தபோது, தெருமுனையில் வண்டியைக் காணோம். நடைபாதைக்கு இடைஞ்சலாம். இத்தனை வருஷம் யார் காலிலும் இடறாத வண்டி! இஸ்திரிப்பெட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. வெறும் மண்ணில் கரி மட்டும் சிதறிக் கிடந்தது. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அமைச்சரைவிட அந்த ஆள்மேல்தான் அப்போது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மகளும் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தானே படுத்துக் கிடந்தாள்!

அந்த வாரமே சத்தமில்லாமல் தெருவைத் தோண்டிப் புதுக்குழாய் போட்டார்கள். தண்ணீர் தெளிந்தது. புருஷன் வீடு திரும்பினான். கேஸை மட்டும் திரும்பப் பெறவில்லை. இரவல் இஸ்திரிப்பெட்டியை வைத்து வீட்டுக்குள்ளேயே தேய்த்தாள். பாதிப் பேர் துணி கொடுக்கப் பயந்தார்கள்.

வாய்தாவுக்குப் போன அன்று அரசு வக்கீல் நைச்சியமாகக் கேட்டார்: "இப்பதான் தண்ணி நல்லா வருதே, இன்னும் என்னம்மா கோபம்?"

"நல்லா இருந்த குழாயையா சார் தோண்டி மாத்தினீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வாய்தா போட்டார்.

வெளியே வந்ததும் புருஷன், "மெதுவாப் பேசுடி, எல்லாரும் பாக்கிறாங்க" என்றான்.

"பாக்கட்டும்" என்றாள் அவள், இன்னும் உரக்க.