முனையார் முனை மழுக்கிய கதை

மரப்பட்டறையில் அவருக்குப் பெயர் முனையார். மேசையோ அலமாரியோ, அவர் கைபட்டால் விளிம்பு கத்திதான். இழைத்து முடித்ததும் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். நகம் சீவிக்கொண்டு வந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். விளிம்பை உருட்டுகிறவன் பொருந்தாத மூலையை மறைக்கிறவன் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவரே, தொண்டரும் அவரே. நாற்பத்துமூன்று வயதாகியும் கல்யாணம் கூடிவராததற்குக் காரணம் இந்தக் கூர்மைதான் என்று அவருடைய அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தலைகால் புரியாமல் போயிற்று. பட்டறையின் பின்னறையில் பாலிஷ் போடுகிறவளும் அவரைப் போலவே தனிக்கட்டை. பதினோரு வருடமாக அவர் முடித்த சாமானெல்லாம் அவளிடம்தான் போகிறது. விரல்ரேகை பதிந்துவிடும் என்று பாலிஷ் போட்டபின் அவர் எதையும் தொடுவதில்லை. அத்தனை வருடம் தேமேயென்று கிடந்த மனசு, வார்னிஷ் நெடியில் ஒருநாள் அவள் வரிசையாக ஏழு தும்மல் போட்டதும் குப்புற விழுந்துவிட்டது. தும்மலில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். மனசு இடம் பார்த்தா விழுகிறது?

வாய்விட்டுக் கேட்கத் துணிச்சல் இல்லை. இரண்டு பேர் உட்கார ஒரு பெஞ்சு செய்தார். இந்த விளிம்பில் அவள் உள்ளங்கை என்ன பாடுபடும் என்று அன்றுதான் முதன்முதலாக யோசித்தார். யோசித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. கால், கை, முதுகு ஒன்றையும் விடாமல் உருட்டு உருட்டென்று உருட்டித் தள்ளினார். ஒரு வாரம் விசில் வேறு. முடிந்தபோது பெஞ்சு தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. கட்சி மாறிவிட்டோம் என்று தெரிந்தும் அவருக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. பின்னறையில் கொண்டுபோய் வைத்து, இது விற்க இல்லை, நம் இருவருக்கும், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமென்றால் உட்காருங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

அவள் உட்காரவில்லை. பெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்தாள். முகம் சுருங்கிற்று.

"மேஸ்திரி, இதுல நான் செய்ய என்ன இருக்கு?"

முனையார் பெஞ்சைத் திரும்பத் தூக்கக் குனிந்தார். அவளோ அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், வண்டியேறக் காத்திருந்த மேசையின் விளிம்பில் நகத்தை வைக்கச் சொன்னாள். போன வாரம் அவர் இழைத்துக் கொடுத்த மேசை. இழுத்தார். நகம் சீவவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. கண்ணுக்குக் கத்தி, கைக்கு வெண்ணெய்.

கூர்விளிம்பில் பாலிஷ் நிற்காது, நாலுமுறை துடைத்தால் போய்விடும் என்றாள் அவள். அதனால் பதினோரு வருடமாக ஒவ்வொன்றுக்கும் உப்புத்தாளால் இரண்டே இழுப்பு கொடுத்து வருகிறாளாம். சொன்னால் அவர் இடிந்துபோவாரே என்று வாயைத் திறக்கவில்லையாம். ஊரே மெச்சிய விளிம்பில் பாதி அவளுடையது. கோபம் வரவேண்டிய இடம்தான். அவருக்கோ, தனக்குத் தெரியாமலே இத்தனை வருடம் ஜோடியாக வேலை செய்திருக்கிறோம் என்று சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பதில் இன்னும் வரவில்லையே. அவர் பெஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது வேணாம். வேற ஒண்ணு, எப்பவும் போலக் கூரா செஞ்சு கொண்டாங்க," என்றாள். "மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

முனையார் இழைப்புளியை எடுக்க ஓடினார். ஓடிய வேகத்தில் முழங்காலைப் பெஞ்சில் நன்றாக இடித்துக்கொண்டார். வலிக்கவே இல்லை.